'லூமினஸ்', 'லூமினசென்ட்': தீப்பாதுகாப்பு ஆவணத்தில் இரண்டும் ஒன்றுதானா?

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் நிருவாகக் குழுவுக்காகத் தீப்பாதுகாப்பு அறிவுறுத்தல் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். சிங்களப் பிரதியை வேறொருவர் செய்கிறார். ஆங்கில மூலத்தில், மாடிப்படி வாசல்களுக்கு மேலே பொருத்த வேண்டிய வெளியேறும் வழிப் பலகைகளுக்கு 'லூமினஸ்' என்ற பெயரடையும், படிகளின் விளிம்பில் ஒட்ட வேண்டிய பட்டைகளுக்கு 'லூமினசென்ட்' என்ற பெயரடையும் வருகின்றன. இரண்டும் ஒரே பந்தியில், அடுத்தடுத்த வாக்கியங்களில் இருக்கின்றன.

மூலத்தை எழுதியவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுத விரும்பாமல் மாற்றி எழுதியிருப்பார், ஆகவே இரண்டு இடத்திலும் 'ஒளிரும்' என்று போட்டுவிடலாம் என்று குழுவின் செயலாளர் சொல்கிறார். என் மேசையிலுள்ள அகராதிகளும் இரண்டு சொல்லுக்கும் ஏறத்தாழ ஒரே பொருளைத்தான் தருகின்றன. ஆயினும், கட்டடம் தொடர்பான ஓர் ஆவணத்தில், அதுவும் தீயைப் பற்றிய பகுதியில், ஒருவர் அழகுக்காகச் சொல்லை மாற்றியிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இவ்விரண்டு சொற்களுக்கும் உண்மையில் வேறுபாடு உண்டா, உண்டென்றால் அது அறிவியலில் மட்டுமா அல்லது பொது வழக்கிலுமா, தமிழில் அதை எவ்வாறு காட்டுவது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். சிறுகதை மொழிபெயர்ப்புகளையும் அவ்வப்போது பார்த்துத் திருத்துவதால், நிலவொளிக்கும் முகத்துக்கும் இவற்றில் எது பொருந்தும் என்பதும் எனக்கு வேண்டியிருக்கிறது.

பௌதிகவியல் ஆசிரியர்:

வேறுபாடு உண்டு. 'லூமினஸ்' என்பது கண்ணுக்குத் தெரிவதைப் பற்றிய சொல். 'லூமினசென்ட்' என்பது அந்த ஒளி எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பற்றிய சொல். ஒரு பொருள் ஒளி தருகிறது, ஒளி நிறைந்து தோன்றுகிறது என்றால் அது 'லூமினஸ்'. எதனால் தருகிறது என்று அச்சொல் கேட்பதில்லை. 'லூமினசென்ட்' என்று சொல்லும்போதோ, அந்த ஒளி சூட்டினால் வரவில்லை என்று உறுதியாகக் கூறுகிறோம்.

முதலாவது சொல், ஒளியைக் குறிக்கும் 'லூமென்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்து ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக வழங்குவது. இரண்டாவது அண்மைக்காலத்தது. 1888ஆம் ஆண்டில் ஜெர்மானிய பௌதிகவியலாளர் ஐல்ஹார்ட் வீடெமான், வெப்பநிலை உயர்வு மட்டுமே காரணமாக அமையாத ஒளிநிகழ்வுகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக 'லூமினசென்ஸ்' என்பதை ஆக்கினார். அதற்கு முன்பே, 1852இல், பௌதிகவியலாளர் ஸ்டோக்ஸ், ஒளி படும்போது மட்டும் ஒளிரும் நிகழ்வுக்கு 'ஃப்ளூரசென்ஸ்' என்ற பெயரை ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். ஒளி நின்ற பின்னரும் நீடிக்கும் ஒளிர்வைக் குறிக்கும் பொஸ்பரசென்ஸ் என்ற சொல் அதற்கும் முந்தியது. இவை தனித்தனி நிகழ்வுகளின் பெயர்களாக இருந்தபோது, சூடில்லாமல் வரும் ஒளி என்ற பெருங்குடும்பத்துக்குப் பெயர் இல்லாத குறையைத்தான் வீடெமானின் சொல் நிரப்பியது. ஆகவே 'லூமினசென்ட்' என்ற சொல்லின் எதிர்ச்சொல் 'இருண்ட' என்பதன்று. 'இன்கன்டசென்ட்', அதாவது சூடேறியதனால் ஒளிர்கின்ற என்பதே அதன் எதிர்ச்சொல். திண்மப் பொருளொன்றைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஏறத்தாழ 525 பாகை செல்சியசில் அது மங்கலான சிவப்பாகத் தெரியத் தொடங்கும். பழைய மின்குமிழின் டங்ஸ்டன் இழை அதைவிட மிக உயர்ந்த வெப்பநிலையில் எரிந்தது.

இனி, சூரியன் 'லூமினஸ்', ஆனால் 'லூமினசென்ட்' அன்று. அதன் ஒளி வெப்பத்தின் ஒளி. மின்மினி இரண்டுமாகும், அதன் உடலில் லூசிஃபெரின் என்ற பொருள் ஒட்சிசனோடு தாக்கமுற்று, அதிகம் சூடில்லாமல் ஒளி பிறக்கிறது. உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியின் முனையிலுள்ள சிறிய எல்ஈடி அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. அது மின்னினால் வரும் லூமினசென்ஸ், ஆனால் மனிதக் கண்ணுக்கு எட்டாது என்பதால் அதை 'லூமினஸ்' என்று சொல்ல இயலாது. அளவீட்டில் 'லூமினஸ்' என்பது மனிதக் கண்ணின் உணர்வோடு கட்டப்பட்ட சொல். மின்குமிழ்ப் பெட்டியில் லூமன் என்று அச்சிடப்படும் எண், ஏறத்தாழ 555 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளிக்கு மிகக் கூடுதல் மதிப்பும், சிவப்புக்கும் நீலத்துக்கும் குறைந்த மதிப்பும், அகச்சிவப்புக்குச் சுழியமும் கொடுத்துக் கணிக்கப்படுகிறது.

மாணவர்களை நான் வழக்கமாகத் தடுமாற வைக்கும் ஓர் எடுத்துக்காட்டையும் சொல்லிவிடுகிறேன். பன்சன் சுடரடுப்பின் காற்றுத்துளையை மூடினால் வரும் மஞ்சள் சுவாலையை 'லூமினஸ்' சுவாலை என்றும், துளையைத் திறந்தால் வரும் நீலச் சுவாலையை 'லூமினஸ்' அல்லாதது என்றும் ஆய்வுகூட நூல்கள் எழுதுகின்றன. மஞ்சள் நிறம் சூடேறிய கரித்துகள்களின் ஒளி; அது முழுக்க வெப்பத்தின் விளைவு. நீல நிறமோ, எரிதலின்போது தோன்றி அருட்டப்பட்ட, அதாவது கூடுதல் சக்தி பெற்ற, நிலையில் இருக்கும் சிறு மூலக்கூற்றுத் துண்டுகள் நேரடியாக வெளிவிடும் ஒளி, அதாவது இரசாயன லூமினசென்ஸ். ஆகவே 'லூமினஸ்' அல்லாதது என்று பெயர்பெற்ற சுவாலையே இங்கு 'லூமினசென்ட்' சுவாலையாக நிற்கிறது.

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்:

மிக்க நன்றி, சேர். அப்படியானால் ஓர் ஐயம். வாசலுக்கு மேலே வரும் பலகை உள்ளே விளக்குள்ள பெட்டியாக இருக்கும் என்றே நினைக்கிறேன். இப்போது அவற்றில் எல்ஈடிதானே இருக்கிறது? எல்ஈடியின் ஒளியும் 'லூமினசென்ட்' என்றால், பலகைக்கும் பட்டைக்கும் ஒரே சொல் போதும் என்று செயலாளர் சொல்வது சரியாகிவிடாதா?

ஓய்வுபெற்ற ஒப்புநோக்குநர்:

ஆசிரியர் அவர்களின் விளக்கம் அறிவியலளவில் செம்மையானது. ஆனால் ஆவணங்களை எழுதுபவர்கள் பௌதிகவியல் அகராதியை வைத்துக்கொண்டு எழுதுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்திரிகையில் இருந்த காலத்தில் நான் பார்த்தவரையில், ஆங்கிலப் பொது வழக்கு இந்த எல்லையைப் பல இடங்களில் மதிக்கவில்லை. கைக்கடிகார முள்ளில் இருட்டில் தெரியும் பச்சைப் பூச்சை இன்றும் 'லூமினஸ்' பூச்சு என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பூச்சு கலப்பில்லாத லூமினசென்ஸ் அல்லவா? கடலில் ஒளிரும் பற்றீரியாக்களையும் உயிரியலாளர் பலர் 'லூமினஸ்' பற்றீரியா என்றே எழுதுகிறார்கள். பழைய சொல் எல்லா இடத்திலும் காலூன்றிவிட்டது. புதிய சொல் நுணுக்கம் தேவைப்படும் இடத்தில் மட்டும் நிற்கிறது.

ஆகவே ஒரு திசையில் தாராளமும் மறுதிசையில் கண்டிப்பும் வேண்டும் என்பது என் கருத்து. சூடில்லாமல் ஒளிரும் பொருளை 'லூமினஸ்' என்று அழைப்பதில் பிழையில்லை. சூடேறி ஒளிரும் பொருளையோ, பிறிதொன்றின் ஒளி பட்டுத் தெரியும் பொருளையோ 'லூமினசென்ட்' என்று அழைப்பது பிழை. அண்மைக்காலத்தில் அழகுப்பொருள் விளம்பரங்களிலும் கதைகளிலும் 'லூமினசென்ட்' தோல், 'லூமினசென்ட்' நிலவு என்றெல்லாம் வருகின்றன. சொல் நீளமாகவும் பளபளப்பாகவும் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நிலவு சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அறிவியல் வகுப்பில் அது 'லூமினஸ்' கூட அன்று, ஆயினும் கண்ணுக்கு ஒளி நிறைந்து தெரிவதால் இலக்கியத்தில் 'லூமினஸ்' என்று எழுதலாம்.

சிறுகதைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முகம், கண், உரைநடை, நினைவு ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் 'லூமினஸ்' வந்தால் தமிழில் 'ஒளிரும்' என்றே எப்போதும் எழுத வேண்டியதில்லை. முகத்துக்கு 'பொலிவு', கண்ணுக்கு 'சுடர்', உரைநடைக்குத் 'தெளிவு' என்று இடத்துக்கேற்பப் பிரிப்பதுதான் தமிழுக்கு இயல்பு. 'லூமினசென்ட்' என்று ஒரு கதாசிரியர் தெரிந்தே எழுதியிருந்தால், கடல்நீரோ காளானோ மின்மினியோ அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் 'தண்ணொளி' போன்ற ஒரு சொல் பொருந்தும். சூடில்லாத ஒளி என்ற குறிப்பு அதில் ஓரளவு வந்துவிடுகிறது. அவை எதுவும் இல்லையென்றால் அது வெறும் ஒப்பனை என்று கொண்டு மேலே செல்லலாம்.

வெசாக் காலத்தில் நம் தெருவெல்லாம் தொங்கும் கூடுகளைப் பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரை 'லூமினசென்ட்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். உள்ளே மெழுகுதிரி எரிந்தாலும் எல்ஈடி எரிந்தாலும், வெளியே தெரியும் கடதாசி உள்ளொளியை ஊடுபுகவிடுகிறதேயன்றித் தானாக ஒளியைப் பிறப்பிக்கவில்லை. அங்கே 'லூமினஸ்' என்பதே தகும்.

கப்பற்பொறியியலாளர்:

நான் பயணிகள் கப்பல்களில் மின்பிரிவில் பணிபுரிபவன். மொழிபெயர்ப்பாளர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு எங்கள் துறையிலிருந்து ஒரு பதில் உண்டு.

எல்ஈடி பற்றி அவர் சொன்னது பௌதிகவியலில் சரிதான். ஆனால் பாதுகாப்புச் சாதன வணிகத்தில், வழிகாட்டும் பட்டையை 'லூமினசென்ட்' என்று எழுதினால் அது பெரும்பாலும் 'ஃபோட்டோலூமினசென்ட்' என்பதன் சுருக்கம்: விளக்கொளியை உள்வாங்கி வைத்து, விளக்கு அணைந்த பின்னர் மெதுவாக வெளிவிடும் பொருள். அதற்கு வயரும் மின்கலமும் வேண்டாம். உள்ளே விளக்குள்ள பலகைக்கு மின்னோ மின்கலமோ வேண்டும். செயலாளர் சொல்வதுபோல இரண்டையும் ஒன்றாக்கினால், பொருத்துபவர் மலிவானதை இரண்டு இடத்திலும் பொருத்திவிட்டு ஆவணத்தைக் காட்டலாம். அதைத் தடுக்கத் தமிழ்ப் பிரதியில் எதுவும் இராது.

கப்பலில் இதற்கு எழுத்திலேயே பிரிவினை உண்டு. 1990ஆம் ஆண்டு ஏப்ரலில் 'ஸ்கன்டினேவியன் ஸ்டார்' என்ற பயணிகள் கப்பல் தீப்பற்றி 159 பேர் இறந்தனர்; பலர் புகை நிறைந்த நடைவழிகளில் வெளியேற வழி தெரியாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். புகை மேலே தேங்குவதால் கூரையிலுள்ள விளக்கு பயன்படாது. தரையோரம் தாழ்வாக ஒரு வழிகாட்டி வேண்டும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1993இல் வெளியிட்ட தாழ்நிலை ஒளியூட்டல் வழிகாட்டல், ஒளியைச் சேமித்து வெளிவிடும் வகையையும் மின்னினால் இயங்கும் வகையையும் தனித்தனியாக எடுத்து, தனித்தனியே அளவு வகுத்தது. சேமித்து வெளிவிடும் பட்டை, எல்லா விளக்குகளும் அணைந்து 10 நிமிடத்தின் பின்னர் சதுர மீற்றருக்குக் குறைந்தது 15 மில்லிகேண்டெலா (ஒளியின் அளவைக் காட்டும் சிறிய அலகு) தர வேண்டும். 60 நிமிடம் வரை 2 மில்லிகேண்டெலாவுக்குக் கீழே போகக் கூடாது. இந்த எண்களே அந்தப் பொருளின் இயல்பைச் சொல்கின்றன: முதலில் நன்றாகத் தெரிந்து, போகப் போக மங்கும். உள்ளே விளக்குள்ள பலகை அப்படி மங்குவதில்லை. மின்கலம் தீரும்வரை ஏறத்தாழ ஒரே அளவில் எரிந்து, பிறகு அணைந்துவிடும்.

கொழும்புக் கட்டடங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல தொடர்மாடிகளின் தீயவசரப் படிக்கட்டுகளில் சன்னலே இல்லை. மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக ஆள் வந்தால் மட்டும் எரியும் உணரி விளக்குகளைப் போட்டிருக்கிறார்கள். அத்தகைய படிக்கட்டில் பட்டைக்கு உள்வாங்க ஒளியே கிடைப்பதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று பிறப்பாக்கியில்லாத கட்டடத்தில், முதல் சில மணித்தியாலங்களிலேயே இந்தப் பட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். ஆகவே மூலத்தில் 'லூமினசென்ட்' என்று மட்டும் இருந்தால் போதாது. படிக்கட்டு விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்ற நிபந்தனையும் அருகிலே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது மூலத்தின் குறை.

மற்றுமொரு எச்சரிக்கை. பலகைக்கு அழகாக இருக்கட்டும் என்று 'தானே ஒளிரும்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். ஆங்கில வணிக வழக்கில் 'செல்ஃப் லூமினஸ்' பலகை என்பது ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஐதரசனைச் சிறு கண்ணாடிக் குழாய்களில் அடைத்துச் செய்யப்படுவது. அதற்கு மின்னும் வேண்டாம், வெளி ஒளியும் வேண்டாம். ட்ரிட்டியத்தின் அரைவாழ்காலம் ஏறத்தாழ 12.3 ஆண்டுகள் என்பதால் ஆண்டுக்கணக்கில் எரிந்து மெல்ல மங்கும். குடியிருப்பாளர்கள் தங்கள் வாசலில் கதிரியக்கப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் செயலாளர் பதில் சொல்ல வேண்டி வரும்.

பௌதிகவியல் ஆசிரியர்:

கப்பற்பொறியியலாளர் நண்பர் சொன்ன பட்டைகளைப் பற்றி ஒரு சிறு சேர்க்கை. இப்போது வருபவற்றில் பெரும்பாலானவை ஸ்ட்ரோன்சியம் அலுமினேற்றில் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சிறிதளவு கலந்தவை. 1990களில் ஜப்பானில் உருவாக்கப்பட்ட இந்தச் சேர்வை, பழைய நாக சல்பைட்டைவிட மிக நீண்ட நேரம் ஒளிரும். இதை வழக்கில் 'பொஸ்பரசென்ட்' என்றும் சொல்கிறார்கள், ஆயினும் பொஸ்பரசு அதில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1669இல் ஹம்பேர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் பிரித்தெடுத்த வெண்பொஸ்பரசின் ஒளியும் இன்றைய பொருளில் பொஸ்பரசென்ஸ் அன்று. அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு நிகழும் தாக்கத்தினால் வரும் ஒளி.

தமிழில், ஒளி பட்டவுடனே ஒளிர்ந்து, ஒளி நின்றவுடன் தானும் நிற்பதை (ஃப்ளூரசென்ஸ்) 'உடனொளிர்வு' என்றும், ஒளி நின்ற பின்னரும் நீடிப்பதை (பொஸ்பரசென்ஸ்) 'நின்றொளிர்வு' என்றும் வேறுபடுத்தி எழுதும் வழக்கம் இருக்கிறது. இரண்டையும் உள்ளடக்கிய லூமினசென்ஸ் என்ற பொதுச்சொல்லுக்கு 'ஒளிர்வு' போதும். உங்கள் பட்டைக்கு 'நின்றொளிரும்' என்பதுதான் பொருந்துகிறது. 'லூமினஸ்' பலகைக்கு 'ஒளிரும்' என்று விட்டுவிட்டால் பட்டையின் சொல்லோடு குழம்பும். 'உள்விளக்குடைய' என்று பொருளைத் திறந்து எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஒப்புநோக்குநர்:

'நின்றொளிரும்' நல்ல சொல்லாக்கம் என்பதில் ஐயமில்லை, ஆனால் பொருத்த வருகின்ற தொழிலாளியும் காவலாளியும் அதை 'நிமிர்ந்து நின்றபடி ஒளிரும்' என்று படிக்க வாய்ப்புண்டு. ஆவணத்தில் முதல் முறை வரும் இடத்தில் ஒரு முழு விளக்கத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அச்சொல்லைத் தொடர்ந்து பயன்படுத்துவது நன்று. சுவரில் ஒட்டும் அறிவித்தலில் அந்தச் சொல்லே வேண்டாம். அங்கே 'இருளில் ஒளிரும் கோட்டைப் பின்தொடர்ந்து கீழே இறங்குங்கள்' என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும்.

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்:

மூவருக்கும் நன்றி. மூலத்தை எழுதிய பொறியியலாளர் நிறுவனத்துக்கு இன்று காலையில் மின்னஞ்சல் அனுப்பினேன். வாசற் பலகை மின்கலத்துடன் கூடிய உள்விளக்குப் பெட்டி என்றும், பட்டை ஃபோட்டோலூமினசென்ட் வகை என்றும் பதில் வந்திருக்கிறது. ஆங்கிலப் பிரதியிலும் அவ்வாறே திருத்துவதாகச் சொல்கிறார்கள். தமிழில் தற்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

'ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு வாசலுக்கு மேலே, மின்தடை ஏற்பட்டாலும் மின்கலத்தினால் தொடர்ந்து எரியக்கூடிய உள்விளக்குடைய வெளியேறும் வழிப் பலகை பொருத்தப்பட வேண்டும். படிகளின் விளிம்பில் நின்றொளிரும் பட்டை, அதாவது விளக்கொளியை உள்வாங்கி, விளக்கு அணைந்த பின்னர் இருளில் ஒளிரும் பட்டை, ஒட்டப்பட வேண்டும்.'

படிக்கட்டு விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்ற நிபந்தனை மூலத்தில் எங்கும் இல்லை. நானாக அதைச் சேர்க்க முடியாது என்பதால், செயலாளருக்கும் அந்த நிறுவனத்துக்கும் தனிக் குறிப்பாக எழுதியிருக்கிறேன். உணரி விளக்குகளைப் பற்றிக் கேட்டபோது, நம் படிக்கட்டுகளிலும் அவைதான் இருக்கின்றன என்று செயலாளர் சொன்னார்.

கப்பற்பொறியியலாளர்:

அப்படியென்றால் பட்டையை வாங்குவதற்கு முன்பே அந்தக் கேள்விக்கு விடை வர வேண்டும். விற்பவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: எந்த அளவு வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் வைத்தபின் சோதித்தார்கள், 10 நிமிடத்திலும் 60 நிமிடத்திலும் எத்தனை மில்லிகேண்டெலா வந்தது. முதலாவது கேள்விக்கான விடை உங்கள் படிக்கட்டில் உள்ள வெளிச்சத்தைவிட மிகக் கூடுதலாக இருந்தால், இரண்டாவது விடையில் உள்ள எண்கள் உங்கள் கட்டடத்துக்குப் பொருந்தா. உணரியை அகற்றி ஒரு மாடிக்கு ஒரு சிறிய எல்ஈடியையாவது எந்நேரமும் எரியவிடுவதே மலிவான வழி.